தரைத்தள ஏசி அறையில் ரேடான் 240 காட்டுகிறது: கொருக்குப்பேட்டை வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசி

வீடு தரைத்தளம், மேலே ஒரு மாடி. ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே வந்ததால், ஹால், படுக்கையறை இரண்டின் தரையையும் ராபிஷ் (கட்டட இடிபாடு) கொட்டி ஒன்றரை அடி தூக்கியிருக்கிறது. பழைய ரெட் ஆக்சைடு தரையை உடைக்கவில்லை. அதன் மேலேயே ராபிஷ், அதற்கு மேல் நாலு இஞ்ச் ஜல்லி கான்கிரீட், வெட்ரிஃபைடு டைல்ஸ். அப்படியும் ரோட்டுக்கு முக்கால் அடி கீழேதான் தரை.

படுக்கையறை 10க்கு 12 அடி, உயரம் 10 அடி. ஒரு டன் ஸ்ப்ளிட் ஏசி. கொசுவுக்கும் தூசிக்கும் பயந்து ஜன்னலை டேப் ஒட்டி மூடியிருக்கிறோம். அட்டாச்டு பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. அப்பா அம்மா அங்கேதான் படுக்கிறார்கள். சமையலறை மூலையில் பயன்படுத்தாத பழைய போர்வெல் ஒன்று. கேசிங் பைப் வாயில் துணி அடைத்து மேலே ஒரு டைல் வைத்திருக்கிறது.

ரேடான் என்பது மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். அதை அளக்க, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு டிஜிட்டல் ரேடான் மீட்டரைக் கட்டில் தலைமாட்டு ஷெல்ஃபில், சுவரை ஒட்டி வைத்திருக்கிறோம். மதியம் 60, 70. விடியற்காலை 5 மணிக்கு 220 முதல் 240. மூன்று வார சராசரி 135. எல்லாம் கன மீட்டருக்குப் பெக்கரல் (விநாடிக்கு ஓர் அணுச் சிதைவு) கணக்கு. ராத்திரி முழுக்க எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டிப் பார்த்தால் விடியற்காலை 190க்கு வருகிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

இந்த மீட்டரை நம்பலாமா? வீடியோக்களில் காட்டுவது போல, தரைக்கடி வாயுவை உறிஞ்சி வெளியேற்றத் தரையைத் துளைத்து பைப் இறக்குவது நம்ம ஊரில் வேலை செய்யுமா? போர் தண்ணீரில் ரேடான் வருகிறதா?

பதில்: டோசிமீட்டர்

முதலில் மீட்டரைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். இது சின்ன விஷயம் இல்லை. செங்கல், பூச்சு, மணல் எல்லாவற்றிலும் கொஞ்சம் தோரியம் இருக்கும். அதிலிருந்து வரும் தோரான் என்ற இன்னொரு வகை ரேடானின் அரை ஆயுள் (பாதி சிதையும் நேரம்) 55.6 விநாடி, சுவரிலிருந்து சில அங்குலம் தாண்டுவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். நாம் அளக்க நினைக்கும் ரேடான்-222க்கு அரை ஆயுள் 3.82 நாள், அது அறை முழுக்கப் பரவும். பல வீட்டு மீட்டர்களுக்கு இரண்டையும் முழுசாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சுவரை ஒட்டி வைத்தால் தோரானும் சேர்ந்து எண்ணிக்கையைக் கூட்டும். சுவரிலிருந்து குறைந்தது ஒரு அடி, கதவு ஜன்னலிலிருந்து மூன்று அடி, தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல். ஏசி காற்று, ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது. படுக்கும் உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள்.

அடுத்து, விடியற்காலை 240ஐப் பார்த்துப் பதற வேண்டாம். காற்று அசையாத நேரத்தில் ஏறி, மதியம் கடல்காற்று அடிக்கும்போது இறங்குவது இதன் இயல்பு. ஒரு மணி நேரத்தில் மீட்டர் 25 ஆல்ஃபாத் துகள் எண்ணினால், வெறும் எண்ணிக்கைப் புள்ளியியலாலேயே 20 சதவீதம் மேலே கீழே போகும். மணிக்கணக்கு ரீடிங்கை நம்பி முடிவு எடுக்காதீர்கள். எல்லா வரம்புகளும் ஆண்டுச் சராசரியை வைத்துத்தான். உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது 100. அந்த அளவு முடியாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக்கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை லிட்டருக்கு 4 பிக்கோகியூரி என்கிறது, அதாவது நம் கணக்கில் 148. உங்கள் 135 நடுவில் நிற்கிறது. மீட்டரை நகர்த்தியபின் குறையவும் வாய்ப்பு உண்டு.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டைச் சுற்றியுள்ள மண் நனைந்து துளைகள் அடைபடும். வாயு வெளியேற எஞ்சிய காய்ந்த இடம் வீட்டுக்கு அடியில்தான். ஏசி ஓடும் சித்திரை, வைகாசியில் காரணமே வேறு: காற்று மாறாதது. இரண்டு காலத்தையும் அளந்தால்தான் ஆண்டுச் சராசரி கிடைக்கும்.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் கரி டப்பா சோதனையை (டப்பாவில் உள்ள கரி ரேடானை உறிஞ்சும், அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அளப்பது) தவிர்க்கச் சொல்வேன். அது 2 முதல் 7 நாள் சோதனை. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கரி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ரேடானுக்கு இடம் குறைத்துவிடும். கூரியரில் நாலு நாள் தாமதமானால் பிடித்த ரேடானில் பாதி போயிருக்கும். இங்கே ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்துவது ஆல்ஃபாத் துகளின் தடம் பதியும் எல்ஆர்-115 ஃபிலிம். பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த ஊசித்துளை டோசிமீட்டரில் இரண்டு அறை: முதல் அறைக்குள் ரேடானும் தோரானும் போகும், ஊசித்துளை தாண்டி இரண்டாவது அறைக்கு ரேடான் மட்டும். மூன்று மாதம் தொங்கவிட்டு, 60 டிகிரி சூட்டில் 2.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 90 நிமிடம் அரித்து, ஃபிலிமில் விழுந்த தடங்களை எண்ணுவார்கள். கதிரியக்க ஆய்வு செய்யும் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் விசாரியுங்கள்.

அப்பா புகைப்பவராக இருந்தால் எந்த பைப்பைவிடவும் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஒரே அளவு ரேடானில், புகைக்காதவரைப் போல் சுமார் 25 மடங்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து புகைப்பவருக்கு.

பதில்: கடலோர மண்

வடசென்னையில் ரேடானா? கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை எல்லாம் கடல் மணலும் ஆற்று வண்டலும். பாறை பரங்கிமலை, பல்லாவரம் பக்கம்தான் தலைகாட்டும், அதுவும் சார்னோகைட் என்ற வேறு வகைப் பாறை. யுரேனியம் மிகுந்த கிரானைட் இங்கே அடியில் இல்லை. தோரியம் மணல் என்று பயமுறுத்துபவர்கள் குமரி மாவட்டத்தில் தோரியம் மணல் உள்ள மணவாளக்குறிச்சியை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஜன்னல் டேப்பைப் பிய்த்து எறிந்தால் பிரச்சினை முடிந்தது.

பதில்: பழைய கொத்து வேலை

அண்ணே, மண்ணைப் பத்தி நீங்க சொல்றது சரிதான், பாதி. அவங்க வீட்ல தரைக்கு நேர் கீழ இருக்கிறது கடல் மணல் இல்லை, ராபிஷ். உடைச்ச செங்கல், பழைய பூச்சு, கல்லு, எந்த ஃபேக்டரி கசடு கலந்ததோ தெரியாது. நம்ம ஏரியால நிலக்கரிச் சாம்பல், பாய்லர் கசடு ஃபில்லிங்குக்குப் போறது சகஜம். நிலக்கரி எரிஞ்சா ரேடியம் சாம்பல்ல தங்கிடும், கிலோவுக்கு அளவு கூடும். ஆனா நைசான ஃபிளை ஆஷ் கண்ணாடி மாதிரி உருகி இறுகினது, ரேடானை வெளிய விடுறது கம்மி. அதனால ஃபிளை ஆஷ் செங்கல் சுவரைப் பார்த்து பயப்பட வேணாம். ராபிஷ்ல பிரச்சினை வேற: உள்ளே முழுக்க ஓட்டை, வாயு தாராளமா நகரும். ஒரு இடத்துல விரிசல் இருந்தா ரூம் அடியில இருக்கிற மொத்த வாயுவும் அந்த வழியா வரும்.

வழி எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு ஊதுவத்தி போதும். ஏசி, சீலிங் ஃபேன் ஆஃப், கதவு ஜன்னல் மூடு, பாத்ரூம் எக்ஸாஸ்ட் மட்டும் ஆன், பாத்ரூம் கதவு திறந்து வை. ஊதுவத்தியை தரையை ஒட்டி மெதுவா நகர்த்துங்க. புகை மேல தள்ளப்படுற இடம்தான் ஓட்டை. பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்கர்ட்டிங் டைல் தரையோட சேர்ற மூலை, பாத்ரூம் நானி டிராப் (தரைத் தண்ணி போற ஓட்டை) சுத்தி, வாசக்கால் அடி, எர்த் ஒயர் தரைக்குள்ள போற இடம், தரை கிட்ட இருக்கிற சுவிட்ச் பாக்ஸ். அப்புறம் யாரும் யோசிக்காதது, கரையான் மருந்து அடிச்ச ஓட்டை. சுவர் ஓரமா அடிக்கு ஒண்ணுன்னு 12 மி.மீ. துளை போட்டு, மருந்து விட்டு, ஒயிட் சிமென்ட் பூசிட்டுப் போயிடுவாங்க. அந்த ஒயிட் சிமென்ட் சுருங்கி ஓரத்துல விட்டுடும். 10க்கு 12 ரூம்ல அது நாப்பது ஓட்டைக்கு மேல.

ரோடு பக்கச் சுவரையும் விடாதீங்க. முக்கால் அடி மண்ணுக்குள்ள இருக்கு, ஈரம் ஏறி பூச்சு உப்பியிருந்தா அங்க விரிசலும் இருக்கும். உப்பின பூச்சைக் கொத்திட்டு, செங்கல் வரைக்கும் காயவிட்டு, வாட்டர்ப்ரூஃப் கலவையில திரும்பப் பூசுங்க. ஈரமும் நிக்கும், வாயுவும் நிக்கும்.

அடைக்கிற முறை: ஸ்கர்ட்டிங் மூலையை கட்டிங் மெஷின்ல 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம் பள்ளமா எடுங்க. தூசியை பிரஷ் போட்டு, வாக்வம் போட்டு சுத்தமா எடுக்கணும், இல்லைன்னா எதுவும் ஒட்டாது. ஆழம் அதிகமா போன இடத்துல பேக்கர் ராட் (இடைவெளி நிரப்புற ஃபோம் கயிறு) திணிங்க. பாலியூரித்தேன் சீலன்ட் அடிச்சு, சோப்புத் தண்ணி தொட்ட விரலால அழுத்தி வழிச்சு விடுங்க. 10க்கு 10 மி.மீ. பள்ளத்துக்கு ஒரு 600 மி.லி. பை ஆறு மீட்டர் வரும். ரூம் சுத்தளவு 44 அடி, அதாவது பதிமூணரை மீட்டர். வாசக்காலைக் கழிச்சா ரெண்டு பையும் கொஞ்சமும், மூணா வாங்குங்க. கடையில வினிகர் வாசனை வர்ற சிலிகான் கொடுத்தா வாங்காதீங்க. அது சிமென்ட்டோட சேராது, ஆறு மாசத்துல உரிஞ்சு வரும். கரையான் ஓட்டையை ஒவ்வொண்ணா திரும்பத் துளைச்சு அதே பாலியூரித்தேன்ல அடைங்க.

அந்த போர் கேசிங்தான் எனக்கு முதல் சந்தேகம். துணி ஒண்ணையும் நிறுத்தாது. பைப் வாயை தரை மட்டத்துக்கு மேல சீரா அறுத்து, ரப்பர் ரிங் வெச்ச எண்ட் கேப் போட்டு, கிளாம்ப் இறுக்குங்க. கேசிங் வெளிப்பக்கத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும், அதை சுத்தி ரெண்டு இஞ்ச் கொத்தி நான்-ஷ்ரிங்க் குரௌட் (காய்ஞ்சாலும் சுருங்காத சிமென்ட் கலவை) ஊத்தணும். கேப் மட்டும் போட்டு இதை விட்டா பாதி வேலைதான். நாளைக்கு போரைத் திரும்ப எடுக்கணும்னா கேப்பைக் கழட்டிக்கலாம்.

அடைக்கிறதுக்கு முன்னாடி, பின்னாடி மீட்டர் அதே ஸ்டூல்ல, ஏசி பழக்கம் மாறாம ரெண்டு வாரம் ஓடணும். அடைச்சதும் ஜன்னலையும் திறந்துட்டா எது குறைச்சதுன்னு தெரியாது. அடைக்கிறது மட்டும் முழுத் தீர்வுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கண்ணுக்குத் தெரியாத விரிசல் எப்பவும் மிச்சம் இருக்கும்.

பதில்: குளிர்சாதன வேலை

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் 190க்குக் கீழே இறங்காததில் ஒரு செய்தி இருக்கிறது. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே போய், கீழே மண்ணிலிருந்து வாயுவை இழுக்கும். இங்கே ஏசி அறையில் தலைகீழ்: குளிர்ந்த காற்று கனமானது, தரை மட்டத்தில் வெளியே தள்ளத்தான் பார்க்கும். எட்டு டிகிரி வித்தியாசத்தில் அந்த அழுத்தம் அரை பாஸ்கல் அளவு. ஆக உங்கள் அறையில் மண் உறிஞ்சல் தானாக நடப்பது குறைவு. வந்த வாயு வெளியே போகாததுதான் முதல் கோளாறு. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை ஒரு துளிகூட உள்ளே கொண்டுவராது, உள்காற்றையே சுற்றும். எக்ஸாஸ்ட்டைப் போட்டதும் டேப் ஒட்டிய அறையில் பல பாஸ்கல் வெற்றழுத்தம் உருவாகி, ஒரு பக்கம் காற்றை மாற்றுகிறது, இன்னொரு பக்கம் ராபிஷிலிருந்து புதிதாக இழுக்கிறது. அதனால்தான் பாதி பலன்.

காற்றை வெளியே இழுக்காதீர்கள், உள்ளே தள்ளுங்கள். கணக்கு இது. அறை 34 கன மீட்டர். இப்போது காற்று எவ்வளவு மாறுகிறது என்று தெரிய, ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இரவல் வாங்குங்கள். காலையில் எல்லோரும் எழுந்து வெளியே போனபின் கதவை மூடிவையுங்கள். வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருந்த அளவு பாதியாக எத்தனை மணி நேரமாகிறது? 0.69ஐ அதனால் வகுத்தால் மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பது வரும். மூன்றரை மணி நேரமானால் 0.2. அதாவது மணிக்கு 7 கன மீட்டர்கூட இல்லை.

அப்படியென்றால், வெளியே 10, உள்ளே 240 என்று வைத்தால், மணிக்கு ஏறக்குறைய 1,560 பெக்கரல் அறைக்குள் வருகிறது. வெளிக்காற்று மணிக்கு 20 கன மீட்டர் கூடுதலாகக் கொடுங்கள்: 1,560ஐ 27ஆல் வகுத்தால் 58, வெளியே உள்ள 10ஐச் சேர்த்தால் 70 பக்கம். ராத்திரி எட்டு மணி நேரத்தில் 0.2 வேகத்தில் அறை முழு உச்சத்தைத் தொடாது, 80 சதவீதம்தான் தொடும். அதனால் உண்மையான வரத்து இதைவிடக் கொஞ்சம் கூட. 30 கன மீட்டருக்கே திட்டமிடுங்கள்.

சாமான்கள்: 100 மி.மீ. இன்லைன் ஃபேன், வேகக் கட்டுப்பாட்டோடு. சுவரில் ஏழடி உயரத்தில் 110 மி.மீ. கோர் கட்டிங், துளை வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக, இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும். வெளியே கொசு வலை வைத்த மூடி, சாக்கடைக்கும் சமையல் புகைக்கும் பக்கத்தில் வேண்டாம். மணலி வாடையும் கொடுங்கையூர் குப்பைப் புகையும் வரும் ஏரியா என்பதால் நடுவில் நுண்தூசி பிடிக்கும் எஃப்7 தர ஃபில்டர் பெட்டி ஒன்று. ஃபில்டர் அடைத்தால் காற்று பாதியாகும், அதனால் மாதம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். அறைக் கதவின் அடியில் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள், உள்ளே வந்த காற்று போக வழி வேண்டும்.

செலவு ஏசியில் வரும். நம்ம ஊர் மே மாத ஈரக் காற்று மணிக்கு 30 கன மீட்டர் வந்தால் 0.1 டன் அளவு கூடுதல் குளிர்ச்சி வேண்டும். ஒரு டன் ஏசிக்கு இது தாங்கும். வரும் காற்றை ஏசியின் லூவர் மேல் நேராக அடிக்க விடாதீர்கள், வியர்த்துத் தண்ணீர் சொட்டும்.

ஏர் பியூரிஃபையர் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். அது வாயுவைப் பிடிக்காது. தூசியில் ஒட்டிய சிதைவுப் பொருள்களை மட்டும் பிடிக்கும். மீட்டர் அப்படியே காட்டும்.

கொருக்குப்பேட்டை வாசி

ஊதுவத்தி வைத்துப் பார்த்தாயிற்று. போர் பக்கம் தெளிவாகப் புகை மேலே தள்ளுகிறது, ரோடு பக்கச் சுவர் ஓரத்திலும். கரையான் ஓட்டையும் இருக்கிறது. அடைத்து, ஃபேன் வைத்தும் 100க்கு மேல் நின்றால் தரைக்கடி பைப்பை யோசிக்கலாமா? மழைக்காலத்தில் சம்ப் வெளிச்சுவரே கசிகிற இடம் இது. போர் தண்ணீர் கேள்விக்கும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: டோசிமீட்டர்

தண்ணீர் விஷயம் சுருக்கமாக: தண்ணீரில் உள்ள ரேடானில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வீட்டுக் காற்றில் சேரும். அதாவது காற்றில் 37 பெக்கரல் கூடுதலாக வேண்டுமென்றால் தண்ணீரில் லிட்டருக்கு 370 பெக்கரல் இருக்க வேண்டும். அது கிரானைட் பாறை ஆழ்துளைக் கிணற்றுக் கதை. மணலில் இறக்கிய, பயன்படுத்தாத போர் உங்களுடையது. புழல் ஏரித் தண்ணீரோ கடல்நீர் சுத்திகரிப்புத் தண்ணீரோ வரும் மெட்ரோ லைனில் கவலையே இல்லை. ஆர்ஓ மெஷின் ரேடானுக்கான தீர்வும் அல்ல, கரைந்த வாயு சவ்வைத் தாண்டும்.

பதில்: பழைய கொத்து வேலை

தரைக்கடி உறிஞ்சலுக்கு உங்க வீடு எதிர்பாராம ஒத்து வர்ற வீடு. கீழ பழைய ரெட் ஆக்சைடு, மேல புது கான்கிரீட், நடுவுல ஒன்றரை அடி ராபிஷ். மணல் ஃபில்லிங்ல உறிஞ்சல் கொஞ்ச தூரம்தான் போகும், ராபிஷ்ல தூரமாப் போகும். சம்ப் கசியுற தண்ணி பழைய தரைக்குக் கீழ. குழியை ராபிஷுக்குள்ளேயே நிறுத்திக்கோங்க, பழைய தரையைத் துளைக்காதீங்க. வீட்டுக்குள்ள வெள்ளம் வந்த வருஷம் குழியும் நிறையும், அப்ப ஃபேனை நிறுத்திடணும்.

முதல்ல சோதனை. ரூம் நடுவுல 16 மி.மீ. துளை ஒண்ணு, நாலு மூலைக்கும் 8 மி.மீ. துளை. நடுத் துளையில வாக்வம் கிளீனர் வாயை வெச்சு ஓட்டுங்க, காத்து வெளியேறுற பக்கம் வீட்டுக்கு வெளிய இருக்கட்டும். மூலைத் துளையில ஊதுவத்திப் புகை உள்ளே இறங்குதா? நாலுலயும் இறங்கினா ஒரு பைப் போதும். ஹால்ல ஒரு துளை போட்டுப் பாருங்க, வாசப்படி அடியில ராபிஷ் தொடர்ச்சியா இருந்தா அங்கயும் இறங்கும், ஒரே ஃபேன்ல ரெண்டு ரூமும் முடியும்.

வேலை: பீரோ மூலையில 5 இஞ்ச் கோர் கட்டிங், கீழ கையை விட்டு 20 லிட்டர் வாட்டர் கேன் அளவு ராபிஷை அள்ளி குழி பண்ணுங்க. 110 மி.மீ. பிவிசி பைப், கான்கிரீட்டோட சேர்ற இடத்துல பாலியூரித்தேன். பைப் படுக்கையா போற இடமெல்லாம் குழி பக்கம் மீட்டருக்கு ஒரு செ.மீ. சாய்வு. மண்ணோட ஈரக்காத்து ஏசி ரூம் பைப்புல தண்ணியா மாறும், அது குழிக்கே திரும்பணும். தாழ்வா ஒரு வளைவு விட்டா தண்ணி நின்னு பைப்பே அடைச்சுக்கும். ஃபேன் மாடி மேல, கடைசியில. ரூமுக்குள்ள ஃபேன் வெச்சா, அதுக்கு மேல இருக்கிற பைப் முழுக்க தள்ளுற பக்கம், ஒரு ஜாயின்ட் கசிஞ்சாலும் ரேடான் வீட்டுக்குள்ளேயே. வாய் பாரபெட் சுவருக்கு மேல, எந்த ஜன்னலுக்கும் பத்தடி தள்ளி. ஒட்டு வீடு வரிசைன்னா பக்கத்து வீட்டு மாடி ஜன்னலையும் கணக்குல எடுங்க. 50 வாட் ஃபேன் முழு நேரம் ஓடினா மாசம் 36 யூனிட்.

ஸ்கர்ட்டிங் அடைக்காம இதை வெச்சா ரூம் ஏசி காத்தையே கீழ இழுக்கும், கரண்ட் பில்லும் ஏறும், கேஸ் கீசர் இருந்தா அதோட புகையும் உள்ள திரும்பும். அதனால அடைப்பு முதல்ல.

பைப்புல ஒரு சின்ன துளை போட்டு, யு வடிவ ட்யூப்ல கலர் தண்ணி ஊத்தி மாட்டுங்க. ரெண்டு கால்லயும் மட்ட வித்தியாசம் 10 மி.மீ. இருந்தா 100 பாஸ்கல் உறிஞ்சல். ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தா ஃபேன் நின்னு போச்சு, இல்ல பைப்புல தண்ணி. நம்ம வெயில்ல ட்யூப் தண்ணி சீக்கிரம் வத்தும், குறைஞ்சா ஊத்தி அடையாளக் கோட்டுக்குக் கொண்டு வாங்க.